தேவஇரக்கம் ஐயாவும் அன்னபாக்கியம் டீச்சரும்

இப்ப ஒரு நீளமான காம்பவுண்டு தாண்டிச்சே அண்ணாச்சி, உள்ள பூரா வேப்பமரம், வாசல்ல சிலுவை வச்ச வளைவு, அதுதான் நான் படிச்ச இறையியல் கல்லூரி. பாக்கலையா? பரவால்ல. இந்த ரூட்டுல வந்தா அந்த இடத்துல என்னை அறியாம எந்திரிச்சிருவேன். அதுலதான் உங்க கால மிதிச்சுட்டேன். மன்னிச்சுக்கிடுங்க.

ஆமா, ஐயர்தான். பூணூல் போட்ட ஐயர் இல்ல, எங்க சபையில போதகரத்தான் ஐயர்னு கூப்பிடுவாங்க. பேரு கோயில்பிள்ளை. அங்கி இல்லாம பஸ் ஏறினா பேங்க்ல வேலையான்னு கேப்பாங்க. அதுவும் நல்லதுக்குத்தான். அங்கியோட ஏறினா பக்கத்துல இருக்கவரு ஒண்ணு தூங்குற மாதிரி நடிப்பாரு, இல்லாட்டி பொண்ணுக்கு வரன் கேப்பாரு.

ஐயருக்குப் படிக்கிறது நாலு வருஷம் அண்ணாச்சி. எத்தனையோ பேரு பாடம் எடுத்தாங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா நான் எங்க போனாலும் என்கூடவே வர்றது ரெண்டு பேரு. தேவஇரக்கம் ஐயா, எபிரெயு மொழி எடுத்தாங்க. அன்னபாக்கியம் டீச்சர், பிரசங்கம் பண்ணச் சொல்லிக்குடுத்தாங்க. ரெண்டு பேரும் இப்ப இல்ல. எனக்கு அவங்க மேல இருக்க பாசத்தைச் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. என் வீட்டம்மாவே நம்ப மாட்டா.

எபிரெயு வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கம் எழுதணும். தேவஇரக்கம் ஐயா எழுத எழுத ஜிப்பாக் கையாலயே அழிச்சிக்கிட்டு வருவாங்க. வகுப்பு முடியும்போது ஐயாவோட வலது கை பூரா வெள்ளையா இருக்கும். வருகைப் பதிவு எடுக்கும்போது நாங்க "உள்ளேன் ஐயா"ன்னு சொல்லக்கூடாது. "ஹினேனி"ன்னு எபிரெயுல சொல்லணும். "இதோ, இருக்கேன்"னு அர்த்தம். முதல் நாளே ஐயா சொன்னாங்க, "ஏல, ஆள் பெஞ்சுல உக்காந்திருக்கேன்னு சொல்ற வார்த்தை இல்ல இது. என்னை என்ன வேணாலும் கேளு, செய்யுதேன்னு சொல்ற வார்த்தை. யோசிச்சுச் சொல்லணும்." நான் ஒரு நாள்கூட யோசிச்சதில்ல, பளிச்சுன்னு சொல்லிருவேன். வகுப்புலயே என் குரல்தான் சத்தமா இருக்கும்.

ரெண்டாம் வருஷம் எங்கப்பா தவறிட்டாங்க. எங்க ஊரு உப்பளத்து ஊரு, கார்த்திகை மழை. பஸ் இல்ல. ஐயா என்னைத் தனியா விடல. ஒரு லாரியக் கைகாட்டி நிறுத்தி, என்னோட டிரைவர் பக்கத்துல நெருக்கி உக்காந்து வந்தாங்க. ஊருல போயிப் பாத்தா குழி வெட்டுறவரு வரல. சொந்தக்காரங்க அரைகுறையா வெட்டி வச்சிருக்காங்க, அதுல தண்ணி ஊறி நிக்கு. எங்க சித்தப்பா, "கடலோர ஊருன்னா அப்படித்தான், வச்சிருவோம்"ங்காரு. ஐயா ஜிப்பாவக் கழட்டி என் கையில குடுத்தாங்க. வேட்டிய மடிச்சுக் கட்டி அந்தக் குழிக்குள்ள இறங்கிட்டாங்க. மண்ணெண்ணெய் டின்னால தண்ணிய மொண்டு மொண்டு வெளிய ஊத்துறாங்க, அது பாட்டுக்கு ஊறுது. விடல. பிறகு எங்கயோ கிடந்த செங்கல அடுக்கி, மேல பனை ஓலை போட்டு, "இப்ப வைங்க"ன்னாங்க. எங்கப்பா ஒரு நாளும் கல்லூரிப் பக்கம் வந்தவர் இல்ல. ஐயாவுக்கு அவரு முகம்கூடத் தெரியாது. ஏறி வரும்போது கை குடுத்தேன். கை பூரா சேறு. அந்தக் கையப் புடிச்சிக்கிட்டுதான் நான் அழுதேன்.

அன்னபாக்கியம் டீச்சர் வேற மாதிரி. குட்டியா இருப்பாங்க, கல்யாணம் பண்ணிக்கிடல, கண்ணாடிய ஒரு நாடாவுல கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. நாம பிரசங்கம் பண்ணணும், அவங்க கடைசி பெஞ்சுல காதுக்குப் பின்னால கைய வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. முடிஞ்சதும் பிச்சு எறிஞ்சிருவாங்க. ஒருத்தனை, "நீ ஆண்டவரப் பத்திப் பேசின மாதிரி இல்ல, அவருக்கு ஓட்டுக் கேட்ட மாதிரி இருந்தது"ன்னாங்க. அவன் அன்னைக்குச் சாப்பிடல. என் முறை வந்தது. பேசி முடிச்சேன். டீச்சர் காதுல இருந்து கைய எடுத்தாங்க. பிறகு, "கோயில்பிள்ளை, உன் பிரசங்கத்தக் கேட்டு எவனும் உன்மேல கோவப்பட மாட்டான்"ன்னாங்க. அவ்வளவுதான். எழுந்து போயிட்டாங்க. நாலு வருஷத்துல டீச்சர் வாயில இருந்து அந்த மாதிரி ஒரு வார்த்தை வேற எவனுக்கும் கிடைச்சதில்ல அண்ணாச்சி. எனக்கு அதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?

ரெண்டு பேருக்கும் ஓயாத சண்டை. வேப்ப மரத்தடியில டீ குடிக்கும்போது நிப்பாட்டாம வாதாடுவாங்க. ஐயா எபிரெயு வார்த்தைக்கு ஒரு அர்த்தம் சொன்னா டீச்சர், "உங்க அகராதி இருக்கட்டும், கேக்கிறவ பீடி சுத்துறவ, அவளுக்கு என்ன சொல்லப் போறீங்க?"ம்பாங்க. ஐயா வேர்க்கடலைய உரிச்சு டீச்சர் கையில போட்டுக்கிட்டே பதில் சொல்லுவாங்க. நாங்க சுத்தி நின்னு கேப்போம். நான் ரெண்டு பேரு சொல்றதுக்கும் தலையாட்டுவேன். ஒரு நாள் டீச்சர் திரும்பி, "நீ எங்க பக்கம்?"னு கேட்டாங்க. "ரெண்டும் சரியாத்தான் படுது டீச்சர்"ன்னேன். ஐயா விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

அதெல்லாம் ஒரு காலம். சொல்ல வந்தது வேற.

நான் ஐயராகி நாலஞ்சு ஊரு மாறி, கடைசியா கிருபைநல்லூருக்குப் போட்டாங்க. பெரிய சேகரம். சேகரம்னா சுத்துப்பட்டுச் சபைகளெல்லாம் சேர்ந்து ஒரு ஐயர் பொறுப்புல இருக்கிறது. எனக்கு ஒன்பது சபை. ஆர்டரைக் கையில வாங்குனதும் எனக்குத் தலைகால் புரியல. ஏன்னா அது தேவஇரக்கம் ஐயாவோட சொந்த ஊரு. ஐயா ரிட்டயர் ஆகி அங்கதான் இருக்காங்க, ஐயாவோட வீட்டம்மாவும் அங்கதான் தவறுனாங்க. வாத்தியாருக்கே ஐயரா இருக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

போன பிறகுதான் தெரிஞ்சது, ஐயா பெரிய கோயிலுக்கே வர்றதில்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில குடையை எடுத்துக்கிட்டுத் தெற்குத்தெரு ஜெபவீட்டுக்குப் போயிருவாங்க. தெற்குத்தெருன்னா... உங்களுக்கே தெரியும், எல்லா ஊர்லயும் இருக்கிற தெருதான். அவங்களும் நம்ம சபைதான், அதே ஞானஸ்நானம்தான், ஆனா காலங்காலமா அப்படி இருக்கு. பெரிய கோயிலை ஒட்டிக் கல்லறைத் தோட்டம். நடுவுல ஆள் உயரத்துக்கு மேல ஒரு சுவர். வடக்க இவங்க, தெக்க அவங்க. யாரு கட்டுனதுன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. நான் கட்டுன சுவரா அது? நான் போறதுக்கு முன்னாலயே இருந்தது, நான் வந்த பிறகும் இருக்கு. தெக்க யாராவது தவறினா உபதேசியார் சத்தியநேசன் பாத்துக்கிடுவாரு. அங்க ஜெபவீட்டுக்கு அவருதான் பொறுப்பு. ஒன்பது சபைக்கும் நான் ஒருத்தன் ஓட முடியுமா, சொல்லுங்க.

ஒரு நாள் சாயங்காலம் ஐயா கூப்பிட்டுவிட்டாங்க. போனேன். முறத்துல வேர்க்கடலை உரிச்சிக்கிட்டிருந்தாங்க.

"ஏல கோயில்பிள்ளை, நான் செத்தா என்னை எங்க வைப்ப?"

"ஐயா, நீங்க இன்னும் ரொம்ப நாளைக்கு..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அம்மா பக்கத்துலதான்யா. இடம் விட்டுத்தான வச்சிருக்கு."

"இல்ல. தெக்க வை."

"அம்மா தனியா..."ன்னு இழுத்தேன்.

"அவகிட்ட அவ உசிரோட இருக்கும்போதே கேட்டுட்டேன். 'நீங்க அங்க போங்க, நான் எங்க அப்பா அம்மா பக்கத்துல இருந்துக்கிடுதேன், உங்க குறட்டை இல்லாம தூங்கலாம்'னா." ஐயா சிரிச்சாங்க. பிறகு முறத்தைக் கீழ வச்சாங்க. "ஏல, உசிரோட இருந்து அந்தச் சுவர இடிக்க என்னால முடியல. எழுதிப் பாத்தேன், பேசிப் பாத்தேன், சபைக் கமிட்டியில கத்திப் பாத்தேன். எங்க சாதிக்காரன் ஒருத்தனும் கேக்கல. செத்தாவது அதுக்கு ஒரு தொந்தரவு குடுக்கேன். நான் அந்தப் பக்கம் கிடந்தா, கல்லறைத் திருநாளைக்கு என் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்க வந்துதான மெழுகுதிரி ஏத்தணும்? வந்து வந்து பழகிருவான். ஒரு நாள் எவனாவது சுத்திப் போகச் சடைச்சிக்கிட்டு, இதுல ஒரு வாசல் வெட்டுனா என்னம்பான்."

"எழுதிக் குடுத்துருங்கய்யா"ன்னேன்.

"எழுதிக் குடுத்தா கள்ளக் கையெழுத்துன்னு கோர்ட்டுக்குப் போவான். ஐயர் வாயால சொன்னா எங்க ஆளுங்க மறுக்க மாட்டாங்க, அந்த பயம் இன்னும் இருக்கு. நீ சொன்னாப் போதும். சொல்லுவியா?"

நான் என்ன சொல்ல? வாத்தியாரு கேக்காங்க. "சொல்லுதேன்யா"ன்னேன். வீட்டுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு இறங்கல. ஆனா ஐயா நல்லா நடமாடிக்கிட்டுதான இருக்காங்க, அதுக்குள்ள நமக்கு மாற்றல் வந்துரும்னு ஒரு நம்பிக்கை.

வரல. ஆவணி மாசம், காலைல பல் தேய்க்கப் போனவங்க கிணத்தடியிலயே சாஞ்சிட்டாங்க.

மூத்த மகன் ஜெயச்சந்திரன் பெங்களூர்ல இருந்து வந்துட்டாரு. அப்பாவுக்கு ஒரே மகன் மாதிரி அழுதாரு, பாவம். கமிட்டிச் செயலர் பால்துரை எல்லா ஏற்பாட்டையும் கையில எடுத்துக்கிட்டாரு. பந்தல், பெட்டி, பூ, மைக். அம்மா பக்கத்துல குழியும் வெட்டியாச்சு. நான் ஆராதனைக்கு அங்கி மாட்டிக்கிட்டு இருக்கேன், சத்தியநேசன் பின்வாசல் வழியா வாராரு.

"ஐயரே, நாங்க தெக்க குழி வெட்டிட்டோம். ஐயா எங்ககிட்டயும் சொல்லியிருந்தாங்க. தெருவே காத்துக்கிட்டிருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நாங்க வந்து தூக்கிக்கிடுவோம்."

ஒரே ஆளுக்கு ரெண்டு குழி அண்ணாச்சி. எந்த ஐயருக்காவது இப்படி வந்திருக்குமா?

ஆராதனை முடிஞ்சு பெட்டி கோயில் வாசல்ல இருக்கு. தெற்குத்தெரு ஜனம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கு, ஒருத்தரும் காம்பவுண்டுக்குள்ள வரல. விஷயம் பால்துரை காதுக்குப் போயிருச்சு. அவரு முரடரு இல்ல, தப்பா நினைச்சுராதீங்க. எம் பிள்ளைங்க பரீட்சைக்கெல்லாம் கார் அனுப்பினவரு. பக்கத்துல வந்து மெதுவாத்தான் கேட்டாரு.

"ஐயா, என்னமோ சொல்லுதாங்க. தேவஇரக்கம் ஐயா உங்ககிட்ட அப்படி ஏதும் சொன்னாங்களா? நீங்க சொன்னாச் சரி. நீங்க சொல்லாட்டி அம்மா பக்கத்துலதான்."

ஜெயச்சந்திரன் என்னைப் பாக்காரு. கண்ணெல்லாம் வீங்கிப் போயிருக்கு. "எங்கம்மாவத் தனியா விட்டுராதீங்க ஐயா"ங்காரு. அந்த நேரத்துல அந்தப் பிள்ளைகிட்ட என்னன்னு சொல்ல? "குடும்பத்தார் மனசையும் பாக்கணும்..."னு ஆரம்பிச்சேன்.

அப்பத்தான் ஒரு கார் வந்து நிக்கு. அன்னபாக்கியம் டீச்சர் இறங்குறாங்க. எத்தனை வருஷத்துக்குப் பிறகு பாக்கேன்! இன்னும் குட்டியாயிட்டாங்க. அதே நாடா. கம்பு ஊணிக்கிட்டு நேரா பெட்டிகிட்டப் போனாங்க, ஐயா முகத்தைப் பாத்தாங்க, நெத்தியத் தொட்டாங்க. பிறகு அந்தக் கூட்டத்துக்கு நடுவுல என்னைப் பாத்து,

"கோயில்பிள்ளை, தேவஇரக்கம் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

இந்தப் பக்கம் கமிட்டி, அந்தப் பக்கம் ரோடு பூராவும் ஜனம். மகன். டீச்சர். எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கிடுச்சு அண்ணாச்சி. சத்தியமா ஒட்டிக்கிடுச்சு. அப்ப எனக்கு ஒரு யோசனை வந்தது, கர்த்தர் குடுத்ததுன்னுதான் இன்னைக்கும் நினைக்கேன். "முதல்ல ஜெபிப்போம் டீச்சர். ஜெபிச்சிட்டு முடிவு பண்ணுவோம்"ன்னேன். ஜெபத்துக்கு மாட்டேன்னு யாரு சொல்லுவா?

எல்லாரும் தலையக் குனிஞ்சாங்க. நானும் கண்ண மூடிக்கிட்டு ஜெபிச்சேன். ஐயாவுக்காக ஸ்தோத்திரம் பண்ணினேன். உப்பளத்துல அந்தக் குழிக்குள்ள இறங்குனத நினைச்சு ஸ்தோத்திரம் பண்ணினேன். எங்களுக்கு நல்ல ஆலோசனையத் தாரும்னு கேட்டேன். குடும்பத்துக்கு ஆறுதல் தாரும், ஊருக்குச் சமாதானம் தாரும்... கொஞ்சம் நீளமாத்தான் போயிருச்சு. நிறுத்த வரல. நிறுத்தினா அடுத்தது நான்தான பேசணும். ஆமென்னு சொல்லிட்டுக் கண்ணத் திறக்கேன், பெட்டிய அங்க காணோம். பால்துரை ஆட்கள் தூக்கிட்டாங்க. வடக்கு வாசல் தாண்டிக் கல்லறைக்குள்ள போயிக்கிட்டிருக்கு. நான் என்ன செய்ய? ஓடிப்போயி மறிக்கவா? பெட்டி தூக்குனதுக்குப் பிறகு கீழ வைக்கிற வழக்கம் எங்கயாவது இருக்கா? நீங்களே சொல்லுங்க.

அடக்க ஆராதனைய நடத்தினேன். குறை வைக்கல. மண் போடும்போது ஞானப்பாட்டு ஆரம்பிச்சோம். அப்ப சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து அதே பாட்டு கேக்குது. வெறுங்குழியச் சுத்தி நின்னு பாடுறாங்க. எங்களவிட அவங்க ஜனம் கூட, எங்க சத்தம் எடுபடல. நடுவுல ஒரு உடைஞ்ச குரல், சுதியில்லாம. அது டீச்சர். டீச்சருக்குப் பாட வராதுன்னு கல்லூரியில எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் டீச்சர் என் வீட்டுக்கு வந்தாங்க.

"தேவஇரக்கம் உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"சொன்னாங்க டீச்சர்."

"பிறகு?"

"நான் ஜெபத்த முடிக்கிறதுக்குள்ள தூக்கிட்டாங்க டீச்சர்."

டீச்சர் கண்ணாடியக் கழட்டிச் சேலையில துடைச்சாங்க. பிறகு, "காப்பி இருக்கா?"ன்னு கேட்டாங்க. என் வீட்டம்மா போட்டுக் குடுத்தா. குடிச்சாங்க. எழும்பும்போது என் தலையில கைய வச்சிட்டுப் போனாங்க. டீச்சர் என்னைப் புரிஞ்சிக்கிட்டாங்கன்னு எனக்கு ஒரு நிம்மதி. அன்னைக்குத்தான் ரெண்டு நாளைக்குப் பிறகு தூங்கினேன்.

ஆனா டீச்சர் ஊருக்குத் திரும்பிப் போகல அண்ணாச்சி. அந்தக் குழிய மூட வேண்டாம்னு சத்தியநேசன்கிட்டச் சொல்லியிருக்காங்க. அவரு, "திறந்து போட்டா தெருவுக்கு ஆகாது டீச்சரம்மா"ன்னதும், "அப்ப மூடு. ஆனா இடத்த எனக்குன்னு வச்சிரு"ன்னாங்களாம். தெற்குத்தெருவுலயே ஒரு ஓட்டு வீட்டப் பிடிச்சு உக்காந்துட்டாங்க. எனக்கு வந்த தர்மசங்கடம் கொஞ்சமா? ஊருல எல்லாரும் என்னைத்தான் கேக்காங்க, "உங்க டீச்சரம்மாவுக்கு என்னவாம்?"

மாசத்துக்கு ஒரு தடவை ஜெபவீட்டுக்கு நற்கருணை, அதான் ஐயர் மட்டும் குடுக்கிற அப்பமும் ரசமும், குடுக்க நான் போவேன், விடியக்காலம் போயி முடிச்சிட்டுப் பெரிய கோயில் ஆராதனைக்கு ஓடி வரணும். டீச்சர் முன்வரிசையில பாயில உக்காந்திருப்பாங்க. நான் பிரசங்கம் பண்ணுவேன். முடிஞ்சதும் கை குடுப்பாங்க, "போயிட்டு வா"ம்பாங்க. அவ்வளவுதான். காலேஜுல ஒரு பிரசங்கத்தையும் விடாம பிச்சு எறிஞ்சவங்க, இப்ப ஒரு குறை சொல்லல. ஒரு தடவைகூட இல்ல. வயசாயிட்டா மனுஷங்க கனிஞ்சிருவாங்க போல. இல்லாட்டி நான் அந்த அளவுக்குத் தேறியிருப்பேன்.

வைகாசியில எனக்கு மாற்றல் வந்தது. வந்ததுன்னா, கேட்டேன், குடுத்தாங்க. வீட்டம்மாவுக்கு மூச்சிரைப்பு, அந்த ஊரு தூசி ஒத்துக்கிடல. சொல்லிட்டு வரப் போனேன். டீச்சர் பிள்ளைகளுக்கு என்னமோ கதை சொல்லிக்கிட்டிருந்தாங்க. என் கையப் பிடிச்சிக்கிட்டு, "கோயில்பிள்ளை, உன்மேல எனக்கு வருத்தமே இல்ல. உனக்கு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்"ன்னாங்க. அது என்ன கணக்குல சொன்னாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. வயசானவங்க பேச்சு, பாதி விட்டுப் போகும்ல.

போன வாரம் சத்தியநேசன் போன் பண்ணினாரு. "டீச்சரம்மா முடிஞ்சிட்டாங்க ஐயா. நீங்க வந்து அடக்கம் பண்ணணும்னு அவங்களுக்கு ஆசை. கடைசி வரைக்கும் உங்களத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க, 'அவன் வருவான், அவனுக்கு இன்னொரு தடவை குடுங்க'ன்னு."

அழுதுட்டேன், போன்லயே. ஆனா அண்ணாச்சி, எங்களுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. இன்னொருத்தர் சேகரத்துல நாம போயி ஆராதனை நடத்தக்கூடாது. இப்ப அங்க இருக்க ஐயர் சின்ன வயசு, அவருகிட்ட அனுமதி கேட்டா, அவரு கமிட்டியக் கேப்பாரு, கமிட்டின்னா பால்துரை. எதுக்கு அந்தப் பையனுக்குத் தொந்தரவு? "நீங்களே நடத்துங்க உபதேசியாரே, நான் பிறகு வந்து பாக்கேன்"ன்னேன். அவரு "சரிங்கய்யா"ன்னு வச்சிட்டாரு. அவருதான் அடக்கம் பண்ணினாரு. நல்லா நடந்துச்சாம். அந்தச் சின்ன ஐயர் கூப்பிடாமலே வந்து நின்னாராம், அங்கி போடாம, சும்மா ஜனத்தோட ஜனமா.

சொன்ன சொல்லக் காப்பாத்தணும்ல? அதான் இன்னைக்குக் காலைல கிளம்பிப் போனேன். இப்ப அங்க இருந்துதான் வாரேன். கிருபைநல்லூர் முக்குல ஒரு மாலை வாங்கினேன், நல்ல சம்பங்கி மாலை, கனமா. பழகின கால், பெரிய கோயில் வழியா வடக்கு வாசலுக்குத்தான் போச்சு. தேவஇரக்கம் ஐயா கல்லறையில கொஞ்ச நேரம் நின்னேன். பளிங்குக் கல்லு போட்டுருக்காரு மகன், அருமையா இருக்கு. பிறகு டீச்சரப் பாக்கணுமேன்னு சுவரோரமா நடந்தேன். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போனேன். சுவரு அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கு. திரும்பி வந்தேன். வெயிலு வேற.

அந்தப் பக்கம் யாரோ புல்லறுக்கிற சத்தம் கேட்டது. "யாரும்மா அது? அந்தப் பக்கம் வர்றதுக்கு வாசல் எங்க இருக்கு?"ன்னு கூப்பிட்டுக் கேட்டேன்.

புல்லறுக்கிறது நின்னுச்சு. ஒரு பொம்பளக் குரல். "யாரு, கோயில்பிள்ளை ஐயருங்களா? சத்தத்த வச்சே கண்டுக்கிட்டேன். நீங்க ஏழு வருஷம் இங்கதான ஐயரா இருந்தீங்க?"

"ஆமாம்மா. வாசல் எங்க?"

"தெற்குத்தெருவுக்கு வந்து, ஜெபவீட்டத் தாண்டி, ஓடைக்குள்ள இறங்கி ஏறணுங்க ஐயா. நீங்க வாங்க, நான் தெருமுனைக்கு வந்து நிக்கேன்."

மணியப் பாத்தேன். இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது சாயங்காலம்தான். சாயங்காலம் எனக்கு என் சபையில கூட்டம் இருக்கு. தெரு வழியாப் போனா நாலு பேரு உக்கார வைப்பாங்க, பேசுவாங்க, சத்தியநேசன் வீட்டுக்குப் போகாம வர முடியாது. "இருக்கட்டும்மா, இன்னொரு நாள் வாரேன்"ன்னேன். "டீச்சரம்மா கல்லறை சுவர்ல இருந்து எவ்வளவு தூரத்துல இருக்கு?"

"கிட்டதான் ஐயா. ஐயாவுக்குன்னு வெட்டுன இடம்தான."

"நீ கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடும்மா"ன்னு சொல்லிட்டு, சட்டைக் கையச் சுருட்டிக்கிட்டு, அந்த மாலையச் சுவருக்கு மேல தூக்கிப் போட்டேன். ஓங்கித்தான் போட்டேன். விழுந்த சத்தம் கேட்டது. பிறகு திரும்பவும் புல்லறுக்கிற சத்தம்தான். ஆனா அங்க எங்கயாவதுதான் விழுந்திருக்கும் அண்ணாச்சி. டீச்சர்மேலயேகூட விழுந்திருக்கும்.